சவரிமுத்து அன்று யாருக்குக் கேட்டைத் திறந்தார்?

ஒரு நல்ல மனிதரைக் கள்ளனாக்கியவள் நான். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஆக்கினேன்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. சொல்லத்தான் போனேன், முழந்தாளிலும் நின்றேன்... பிறகு பூசை தவறியதையும் அம்மாவிடம் எரிந்து விழுந்ததையும் ஒப்புவித்துவிட்டு எழுந்து வந்தேன். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

என் பெயர் ஜெயராணி. தெஹியோவிட்டப் பக்கம் ஓர் இறப்பர்த் தோட்டத்தின் அலுவலகத்தில் எழுதுவினைஞர். என்னைப் பெற்றவர்கள் இருவரும் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நான் பல்கலைக்கழகம் போய் மெய்யியல் படித்தேன். "அது படிச்சா என்ன வேலை புள்ள குடுப்பாங்க?" என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் தோட்டத்து வேலைதான் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு விவாதத்தில் நான் ஜெயித்தேன். அந்த வெற்றியிலிருந்துதான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

கயிற்றைப் பாம்பென்று நினைத்துத் தடியால் அடித்தவனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவன் ஏன் ஏமாந்தான் என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் வகுப்பில் கேட்டது வேறு. அவன் செய்ததை நாம் எப்படிச் சொல்வது? கயிற்றை அடித்தான் என்றா, பாம்பை அடித்தான் என்றா? கயிறு என்றால், அவன் மனத்தில் இருந்ததை விட்டுவிடுகிறோம். பாம்பு என்றால், தரையில் கிடந்ததை விட்டுவிடுகிறோம். தவறாக நம்பிய ஒருவனின் செயலை யாருடைய கண்ணால் சொல்ல வேண்டும்? நம் கண்ணாலா, அவன் கண்ணாலா?

நான் கயிற்றின் கட்சி. "இருப்பதைச் சொல்வதுதான் உண்மை. ஆளாளுக்குத் தப்பாக நினைத்துக்கொண்டதற்கெல்லாம் இடம் கொடுத்தால் உலகம் தாங்குமா?" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். விரிவுரையாளரும் தலையாட்டினார்.

விடுதியில் என் அறைத்தோழி தில்ருக்ஷி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. துணி மடித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டாள்: "கயிற்றைத்தான் அடித்தான் என்கிறாய். சரி. அப்படியானால் அவன் கை ஏன் நடுங்கியது?"

"அது வேறு பாடத்துக் கேள்வி" என்று சொல்லிச் சிரித்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

வேலையில் சேர்ந்து ஏழாவது மாதம். இன்னும் நிரந்தரமாக்கவில்லை. பழைய துரை மாற்றலாகிப் போய்விட்டார். தோட்டத்து முகாமையாளரை நாங்கள் இன்றைக்கும் துரை என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரர் போய் எத்தனையோ காலமாகியும் அந்தச் சொல் போகவில்லை. புதிய துரை அந்தக் கிழமைக்குள் வருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். எப்போது, எந்த வழியாக, எந்த வண்டியில் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பிரட்டுக்களத்தில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில், எல்லோரும் என்னையே சுற்றி நின்று கேட்டார்கள். மிஸ், புது தொரை எப்ப வாராரு? மிஸ், எந்தப் பக்கமா வாராரு? அவ்வளவு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இனித்தது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

"வெள்ளை ஜீப்புல வருவாரு. கீழ்க் கேட்டுப் பக்கமாத்தான். வந்தா நிக்க வச்சிராதீங்க" என்றேன்.

வெள்ளை ஜீப் நானாகச் சொன்னது. கீழ்க் கேட்டும் நானாகச் சொன்னதுதான். பெரிய துரைமார் அப்படித்தான் வருவார்கள் என்று என் மனத்தில் ஒரு படம் இருந்தது, அவ்வளவுதான்.

கீழ்க் கேட்டில் காவலுக்கு இருந்த வாச்சர் சவரிமுத்து அண்ணன். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயது இருக்கும். லயத்தில் என்னைத் "தங்கச்சி" என்பார். அலுவலகத்துக்கு வந்தால் "மிஸ்" என்பார். நான் எத்தனை தடவை சொல்லியும் அந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் தோட்டத்தில் அந்த வயதுக்காரர் பலரிடமும் உண்டு. துரையை முகத்துக்கு நேரே பார்க்கமாட்டார்கள். தொப்பியைக் கழற்றி, தலையைத் தாழ்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். யாரும் இப்போது அப்படிக் கேட்பதில்லை. ஆனாலும் கழுத்து நிமிர்வதில்லை. நான்கு துரைமாரிடம் வேலை செய்த சவரிமுத்து அண்ணனிடம், அவர்களில் யாருக்கு மீசை இருந்தது என்று கேட்டால் தெரியாது. அவர்களை அவர் அறிந்தது காலில் போட்ட சப்பாத்தையும் வண்டியையும் குரலையும் வைத்துத்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகல், மழைக்குள் ஒரு வெள்ளை ஜீப் கீழ்க் கேட்டுக்கு வந்து ஹோர்ன் அடித்தது. பின்னால் இரண்டு லொறிகள். சப்பாத்துப் போட்ட ஒருவன் இறங்கி, "வாச்சர்!" என்று அதட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் சவரிமுத்து அண்ணனேதான். அன்று மாலை, நனைந்த சட்டையோடு, அலுவலகத்துக்கு வந்து சொன்னார். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மட்டும் இருந்தேன்.

"மிஸ், தொரை வந்துட்டு போயிட்டாருங்க! நீங்க சொன்ன மாதிரியே வெள்ளை ஜீப்பு. ஒரு நிமிசம்கூட நிக்க வைக்கல. தெம்பிலி வெட்டிக் குடுத்தேன், ரெண்டு குடிச்சாரு. எல்லையில இருக்குற மகோகனிய வெட்டி ஏத்தச் சொன்னாரு. பதினொண்ணு. நானும் கூட நின்னு கயிறு புடிச்சு விட்டேன்."

அவர் முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது! துரை இன்னும் கொழும்பிலிருந்து புறப்படவே இல்லை என்று ஒரு மணித்தியாலத்துக்கு முன்புதான் செய்தி வந்திருந்தது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கையில் கயிறு உரசிய சிவப்பு இன்னும் இருந்தது.

உண்மையான துரை மறுநாள் வந்தார். கறுப்புக் கார், மேல் பாதை. இளைஞர், அமைதியானவர். வந்த முதல் நாளே திருட்டு. விசாரணை வைத்தார்கள்.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த சிங்களவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர். தனக்குச் சிங்களத்தில் விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று சவரிமுத்து அண்ணன் கேட்டிருந்தார். ஜெயராணி மிஸ் என்றால் நல்லது என்றும் சொல்லியிருந்தார். அப்படித்தான் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே பெரிய கிளாக்கரும் சற்றுத் தள்ளிப் புதிய துரையும் இருந்தார்கள்; இருவருக்கும் தமிழ் வராது.

"எனக்குக் கதை வேண்டாம், மிஸ். கேட்டதற்கு என்ன பதிலோ அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. பிறகு கேட்டார்: மரத்தைக் கொண்டுபோன ஆளுக்கு இவர் தன் விருப்பத்தோடுதான் கேட்டைத் திறந்தாரா?

நான் தமிழில் கேட்டேன்.

"ஆமாங்க மிஸ், நாந்தான் தொறந்தேன். யாரும் கட்டாயப்படுத்தல. தொரை வந்துட்டாருன்னு நெனச்சேன். தொரை வந்தா வாச்சர் தொறக்காம நிப்பானா?"

அவர் சொன்னதில் முதல் பாதியைச் சிங்களத்தில் சொன்னேன்: இவரே திறந்தாராம், யாரும் கட்டாயப்படுத்தவில்லையாம். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஏன்? மறந்துபோனேனா? இல்லை. மூன்றாவது வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால், அதிகாரி கேட்டிருக்கக்கூடிய அடுத்த கேள்வி என் காதில் அப்போதே விழுந்துவிட்டது. துரை வெள்ளை ஜீப்பில் கீழ்க் கேட்டு வழியாக வருவார் என்று இவருக்கு யார் சொன்னது? அந்த நம்பிக்கையை அவர் தலைக்குள் வைத்தவள் நான். அவருடைய தவறு என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தவறு, முதலில் என்னுடையது!

அந்த ஒரு நொடியில் என் படிப்பு எனக்குக் கைகொடுத்தது. அவர் நினைத்தது எதற்கு? நடந்ததைத்தானே கேட்கிறார்கள்? நடந்ததைச் சொல்லிவிட்டேனே... என்று உள்ளே ஒரு குரல் நியாயம் பேசியது. கைதட்டல் வாங்கிய அதே குரல்.

அடுத்து, அந்த ஆளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "மொகம் பாக்கலீங்க. சப்பாத்துதான் பாத்தேன்" என்றார் அவர். இதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டாளியைக் காட்டிக் கொடுக்காமல் மறைக்கிறான் என்று அதிகாரி எடுத்துக்கொண்டார். சவரிமுத்து அண்ணன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த புதிய துரையின் முகத்தையும் அதுவரை பார்க்கவில்லை. அந்த வழக்கத்தை உள்ளிருந்து தெரிந்தவள் அந்த மேசையில் நான் ஒருத்திதான். நான் லயத்தில் பிறந்தவள். பேசாமல் இருந்தேன்.

அறிக்கையை நானே தட்டச்சுச் செய்தேன். மரங்களைத் திருடிய ஆளுக்கு இவர் தன் விருப்பத்தோடு கேட்டைத் திறந்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, மரம் ஏற்றவும் உதவியுள்ளார். சொல்லுங்கள், இதில் எது பொய்? ஒவ்வொரு சொல்லும் உண்மை!

வேலை போயிற்று. அவர் மனைவி பிலோமினா அண்ணி பால் வெட்டுவதால் லயத்தில் அவர்களுடைய ஓரறை வீடான காம்பரா மட்டும் மிஞ்சியது. அவர் பக்கத்துக் கிராமத்துத் தோட்டங்களில் புல் வெட்டப் போனார். "கள்ள வாச்சர்" என்று பெயர் விழுந்தது. கடைத்தெருவில் சாமான் வாங்க நின்றால், பையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

தில்ருக்ஷியின் கேள்வி அதற்குப் பிறகுதான் எனக்குள் வேலை செய்யத் தொடங்கியது. ஒரு நாள் மதியம் கீழ்க் கேட்டருகே தனியாக நின்றுகொண்டு, அந்தப் பிற்பகலை அவருடைய பக்கமிருந்து நினைத்துப் பார்த்தேன். மழை. ஹோர்ன் சத்தம். துரை வந்துவிட்டார்! தன் தலை நனைய ஓடி, துரைக்குக் குடை பிடிக்கிறார். மரத்திலேறி நல்ல குலையாகப் பார்த்துத் தெம்பிலி இறக்குகிறார். பாதையில் விழுந்து கிடந்த கிளையை இழுத்துப் போடுகிறார். கை தேயக் கயிறு பிடிக்கிறார்.

நான் பிரமித்து நின்றுவிட்டேன். அந்த மனத்துக்குள் ஒரு முழுத் தோட்டம் இருந்தது. அதே கேட், அதே மழை, அதே பதினொரு மரம். அங்கே திருடனே இல்லை. அங்கே ஒரு வாச்சர் தன் வாழ்நாளிலேயே மிக நன்றாக வேலை செய்த நாள் அது! வெளியே நாங்கள் குற்றம் என்று எழுதிய ஒவ்வொன்றும் உள்ளே விசுவாசமாக இருந்தது. அப்படியொரு உலகத்தை ஒரு மனிதர் நெஞ்சில் சுமந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அதை இரண்டு வாக்கியத்தில் இல்லாமல் செய்தேன்... கடவுளே, என்ன துணிச்சல் எனக்கு!

அத்தோடு முடிந்திருந்தால் சாதாரணக் குற்றம் என்று ஆறியிருப்பேனோ என்னவோ. முடியவில்லை.

விசாரணைக்கு ஒரு வருடம் கழித்து, அவிசாவளையிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் சவரிமுத்து அண்ணன். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா. காணி சம்பந்தமாக ஏதோ அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு முழித்தார். சவரிமுத்து அண்ணன் அதை வாங்கி, வாய்விட்டுப் படித்து, இன்ன திகதிக்குள் இன்ன பத்திரத்தோடு வரச் சொல்கிறார்கள் அம்மே என்று வரிவரியாக விளக்கினார். கந்தோர்ச் சிங்களம். எனக்கே இரண்டொரு சொல் தட்டியிருக்கும்.

இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சிங்களம் வரும், அது எனக்குத் தெரியாததல்ல. அது சந்தைச் சிங்களம்தான், விசாரணைச் சிங்களம் அவருக்குப் பிடிபட்டிராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த அம்மா இறங்கியதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கண்ணே படிச்சீங்க?"

"சிங்கள இஸ்கூல்லதான் தங்கச்சி, எட்டாவது வரைக்கும். அப்ப நம்ம பக்கம் தமிழ் இஸ்கூல் ரொம்ப தூரமாச்சே."

"அப்ப... அன்னைக்கு வெசாரணையில ஏன் ஆள் கேட்டீங்க?"

"நம்ம புள்ள ஒண்ணு பக்கத்துல இருந்தா தைரியமா இருக்குமேன்னுதான்."

எப்படியோ கேட்டுவிட்டேன். "நான் சொன்னது எல்லாம் வெளங்குச்சாண்ணே?"

"வெளங்குச்சு. பாதிய விட்டுட்டீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு துளிக் கசப்பு இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "மொதல்ல திக்குன்னு இருந்திச்சு. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். திருட்டுப் பயல தொரைன்னு நெனச்சேன்னு சொன்னா, உக்காந்திருக்குற தொரைக்குக் கோவம் வருமா வராதா? பொலிசுல குடுத்துருப்பாங்க. நீங்க அத மறைச்சதாலதான வேலையோட போச்சு? இல்லாட்டி இந்நேரம் மறியல்ல கம்பி எண்ணிக்கிட்டு கெடப்பேன். ஒங்க அண்ணி ஞாயித்துக்கெழமை தவறாம ஒங்களுக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்துறா, தெரியுமா?"

நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இனி எனக்குக் கிடைக்காது. பஸ் தெஹியோவிட்டவுக்கு வரும்வரை நேரமிருந்தது. நான் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், இந்த நம்பிக்கையை எப்படி விவரிப்பது? தன்னைக் கெடுத்தவளுக்குச் சவரிமுத்து நன்றி சொல்கிறார் என்றா? அது நான் வகுப்பில் வாதாடிய முறை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அதை அவரிடம் வாசித்துக் காட்டினால், இது யாரைப் பற்றி என்று கேட்பார். தன்னைக் காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்கிறார் என்றா? அப்படி ஒருத்தி இந்த உலகத்தில் இல்லையே! இல்லாத ஒருத்திக்காக ஞாயிறுதோறும் ஒரு மெழுகுவர்த்தி உருகுகிறது. மெழுகு உண்மை, தீ உண்மை, பிலோமினா அண்ணியின் கண்ணீர் உண்மை. அது யாருக்குப் போய்ச் சேருகிறது? இதற்கு விடை தெரிந்தவர்கள் இருந்தால் அவர்கள் காலில் விழுவேன்.

என்னை வியக்க வைப்பது அந்த நம்பிக்கை பொய் என்பதல்ல. என் கோழைத்தனத்தைக் கையில் வாங்கி, அதிலிருந்து ஒரு கருணையைச் செய்துகொள்ள அந்த மனிதரால் முடிந்ததே! நான் கொடுத்தது பாதி வாக்கியம். மீதியை அவர் தன் குணத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டார். அதன்முன் நான் படித்த மெய்யியல் ஒரு தூசிக்குச் சமம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நேரம் எடுத்தது.

அந்த பஸ் பயணத்துக்குச் சில மாதங்கள் கழித்து அந்த ஜீப்காரன் எம்பிலிப்பிட்டியப் பக்கம் பிடிபட்டான். துரை போலவும் முதலாளி போலவும் நடித்து வேறு இடங்களிலும் மரம் வெட்டியிருக்கிறான். செய்தி கேட்டதும் எங்கள் துரை என் மேசைக்கே வந்தார். "நம்முடைய வாச்சரும் இப்படி ஏமாந்திருப்பாரோ, மிஸ்? ஆனால் தன் விருப்பத்தோடுதான் திறந்தேன் என்று அவரே சொன்னாரல்லவா?"

என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை போதும், சவரிமுத்து அண்ணன் மறுநாள் வேலைக்கு வந்திருப்பார்! அவர் பெயர் திரும்பியிருக்கும். என் வாய் திறந்தது. முன்பெல்லாம் வேலை போகுமே என்ற பயம் ஒன்றுதான். இப்போது அந்த வீட்டில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியும் அணைந்துபோகும் என்ற பயம் சேர்ந்துகொண்டது. அவர்கள் நம்பிய அந்த நல்லவளை இழக்க எனக்கு மனமில்லை.

"ஆமாம் சேர், அப்படித்தான் சொன்னார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுபடியும் ஒரு பொய்யில்லை பாருங்கள்.

போன வருடம் சவரிமுத்து அண்ணனின் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஞானத்தாயாக நான்தான் நிற்க வேண்டும் என்று அவர் வந்து கேட்டார். மறுக்க நியாயம் தேடினேன், கிடைக்கவில்லை. கோயிலில் பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். என்ன பெயர் என்று ஃபாதர் கேட்டார். தாய்க்காரி டினுஷா என்று வைக்க ஆசைப்பட்டிருந்தாள். இந்தக் காலத்தில் யார் பிள்ளைக்கு ஜெயராணி என்று பெயர் வைக்கிறார்கள்? ஆனால் சவரிமுத்து அண்ணன் முந்திக்கொண்டார்.

"ஜெயராணி, ஃபாதர்."

தீமையை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றேன். எல்லோரையும்விட என் குரல்தான் சத்தமாகக் கேட்டது என்று பிலோமினா அண்ணி பிறகு மெச்சினாள்.

சின்ன ஜெயராணி இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் காம்பராவில் எனக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுப்பார்கள். சவரிமுத்து அண்ணன் அவளை மடியில் இருத்தி, என்னைக் காட்டி, ஞானம்மா இல்லாட்டி தாத்தா மறியல்ல இருந்திருப்பேன் என்று ஒரு கதைபோலச் சொல்லிக் கொடுக்கிறார். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பேச்சு வந்ததும் அவள் கற்றுக்கொள்ளப்போகும் முதல் கதை அதுவாகத்தான் இருக்கும். அவள் திக்கித் திக்கிச் சொல்ல, நான் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன்.